அம்மாவின் கணுக்காலும் ஜப்பானின் நவம்பரும்

ஜப்பானுக்குப் போகப்போகிறோம் என்று வாய் திறந்த நாளிலிருந்து எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "செர்ரி பூக்கிற நேரமாப் பாத்துப் போங்க." அலுவலகத்தில் சொன்னார்கள், சொந்தத்தில் சொன்னார்கள், டிக்கெட் விலை விசாரிக்கப் போன இடத்திலும் சொன்னார்கள். நல்ல மனதோடு சொன்ன அத்தனை பேரில் ஒருவர்கூட, "யாரெல்லாம் போறீங்க?" என்று கேட்கவில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. போகிறவர்கள் யாரென்று தெரியாமல் எப்போது போகலாம் என்று எப்படிச் சொல்ல முடியும்? எங்களோடு வந்தது எழுபதை நெருங்கும் அம்மா. சர்க்கரை உண்டு, ஆனாலும் நடப்பதில் சளைக்காதவர். கூடவே எழுபதைத் தாண்டிய அப்பா. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தூசியோ புகையோ பட்டால் இழுப்பு வந்துவிடும். இரண்டு பேருமே திருநெல்வேலி வெயிலில் வாழ்ந்து முடித்தவர்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு மாதம் பார்ப்பது அந்த ஊரின் அழகை வைத்து அல்ல, கூட வருகிறவர்களில் யாருடைய உடம்பு முதலில் தளருமோ அவரை வைத்துத்தான் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. போய் வந்த பிறகு அந்த எண்ணம் இன்னும் இறுகியிருக்கிறது. உடையைப் பற்றிய எண்ணமோ அங்கே போய்த்தான் தெளிந்தது.

பூவும் இழுப்பும்

செர்ரி காலத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் பூவை நம்பி ஆறு மாதம் முன்னால் டிக்கெட் போடுவது எப்படிப்பட்ட சூதாட்டம் என்பதை யாரும் சொல்வதில்லை. டோக்கியோவில் யசுகுனி கோயில் வளாகத்தில் ஒரு மாதிரி மரம் இருக்கிறது. வானிலைத் துறைக்காரர்கள் வந்து பார்த்து, அதில் ஐந்தாறு பூ மலர்ந்துவிட்டால் 'டோக்கியோவில் செர்ரி பூத்தது' என்று அறிவிப்பார்கள். அதிலிருந்து ஒரு வாரம், பத்து நாளில் மரம் நிறைந்துவிடும். அதன்பின் ஒரு மழையோ பலத்த காற்றோ வந்தால் எல்லாம் தரையில். 2023இல் அந்த அறிவிப்பு மார்ச் 14ஆம் தேதியே வந்தது. மறு ஆண்டு, 2024இல், மார்ச் 29ஆம் தேதி. அடுத்தடுத்த இரண்டு வருடங்களுக்குள் பதினைந்து நாள் வித்தியாசம். 2021இல் கியோத்தோவில் மார்ச் 26ஆம் தேதியே மரங்கள் முழுதாகப் பூத்துவிட்டன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் குறித்துவைக்கப்பட்ட தேதிகளில் அவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை என்று அப்போது பேசினார்கள். பள்ளி விடுமுறை, அலுவலக விடுப்பு, விசா எல்லாவற்றையும் பார்த்துத் தேதி குறிக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்தப் பூ பிடிகொடுக்காது.

அதைவிட முக்கியமான காரணம் எங்கள் அப்பாவின் மூச்சு. இரண்டாம் உலகப் போருக்குப் பின், வீடு கட்ட மரம் வேண்டும் என்று ஜப்பானின் மலைகளெங்கும் சுகி, ஹினோகி என்ற இரண்டு ஊசியிலை மரங்களை லட்சக்கணக்கான ஏக்கரில் நட்டார்கள். பிறகு வெளிநாட்டு மரம் மலிவாக வரத் தொடங்கியதும் வெட்டுவார் இல்லாமல் அவை அப்படியே வளர்ந்து நிற்கின்றன. பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரை சுகியின் மகரந்தம் காற்றில் மஞ்சளாகப் பறக்கும். அது ஓய்ந்து வரும்போது ஹினோகி தொடங்கும். அந்த மாதங்களில் தொலைக்காட்சியில் மழை நிலவரம் சொல்வது போலவே மகரந்த நிலவரமும் சொல்கிறார்கள். கொரோனா வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த ஊர்க்காரர்கள் வசந்தத்தில் முகக்கவசம் போட்டுக்கொண்டு நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம். எல்லோரும் போகச் சொல்லும் அதே மாதங்கள்தான் இழுப்புக்காரருக்கு ஆகாத மாதங்கள். இதைப் படித்த அன்றே செர்ரியை மனதிலிருந்து எடுத்துவிட்டேன்.

அடுத்து வந்தது ஆகஸ்ட். டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதென்றும், "நமக்கு வெயில் பழக்கம்தானே" என்றும் சொன்னார்கள். இந்தப் 'பழக்கம்தானே' என்ற சொல்லை நான் நம்புவதில்லை. நம் ஊரில் வெயிலுக்குப் பழகியிருப்பது என்றால் பதினொரு மணிக்கு மேல் வெளியே தலைகாட்டாமல் இருப்பதற்குப் பழகியிருப்பது. சித்திரை வெயிலில் நட்டநடுப் பகலில் யாராவது கோயில் கோயிலாக ஏறி இறங்குவார்களா? சுற்றுலாவில் அதைத்தான் செய்கிறோம். கியோத்தோ மூன்று பக்கமும் மலை சூழ்ந்த பள்ளம். ஆகஸ்டில் அங்கே பகல் வெப்பம் சராசரியாகவே 33 டிகிரியைத் தாண்டும், பல நாட்கள் 35ஐயும் தாண்டும். காற்று நகராது, ஈரப்பதம் பிசுபிசுவென்று ஒட்டும், ராத்திரியும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் நிறைய. அந்த வெயிலில் அம்மாவின் சர்க்கரையையும் தண்ணீர்ச் சத்தையும் யார் பார்த்துக்கொள்வது? ஜூன் தொடங்கி ஜூலை மூன்றாம் வாரம் வரை ட்சுயு என்ற மழைக்காலம். ஆகஸ்ட் நடுவில் ஓபோன், முன்னோரை நினைத்துச் சொந்த ஊர் திரும்பும் நாட்கள், ரயில் நிரம்பி வழியும். செப்டம்பரில் புயல். ஜனவரி, பிப்ரவரியில் டோக்கியோவில் நல்ல வெயில் அடித்தாலும் வறண்ட குளிர். ஹொக்கைடோவின் சப்போரோவில் ஜனவரியின் சராசரியே பூஜ்யத்துக்குக் கீழே மூன்று டிகிரி.

இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்ததில் மிஞ்சியவை இரண்டு துண்டுகள்: மே மாதத்தின் பின்பாதி, நவம்பர். எங்களுக்கு நவம்பர்தான் வசதி. மகரந்தம் இல்லை, மழை குறைவு, புயல் ஓய்ந்திருக்கும். கியோத்தோவில் மேப்பிள் இலைகள் சிவக்கும் காலமும் அதுவே. ஒரே ஒரு கேள்விதான் பாக்கி, குளிர். நவம்பர் கடைசியில் கியோத்தோவில் நடுப்பகலிலேயே பதினான்கு, பதினைந்து டிகிரிதான் இருக்கும். சென்னை நுங்கம்பாக்கத்தில் பதிவானதிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி, அதுவும் நூறு வருடத்துக்கு முந்தைய கதை. நம் தலைநகரம் மிக அபூர்வமாகக் கண்ட குளிர்ந்த ராத்திரி, அவர்களுக்கு இதமான பிற்பகல். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால், "ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டாப் போதும்" என்று யார் சொன்னாலும் நம்ப மாட்டோம்.

ஊட்டி ஸ்வெட்டர்

நம்மில் பலருக்குக் குளிரை அளக்க இருக்கும் ஒரே அளவுகோல் ஊட்டி. அதுவும் மே மாத ஊட்டி. பகலில் இருபது டிகிரிக்கு மேல், வெயிலும் அடிக்கும், படகுத்துறையில் நின்று போட்டோ எடுக்கும்போது மட்டும் ஸ்வெட்டர். அந்தப் பயணத்தில் வாங்கிய பச்சை ஸ்வெட்டர் ஒன்று எங்கள் வீட்டுப் பீரோவில் அந்துருண்டையோடு வருடக்கணக்காக இருக்கிறது. அம்மா அதைத்தான் முதலில் வெளியே எடுத்தார். அதோடு அப்பாவின் மங்கி கேப். மார்கழி பஜனைக்குப் போவதற்கு அது நல்ல தொப்பி, நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் காதையும் கன்னத்தையும் மூடிவிட்டுக் கழுத்தைத் திறந்து விடுகிறது. இழுப்புக்காரருக்குக் கழுத்தும் நெஞ்சும்தான் முதலில் மூட வேண்டியவை.

உடையைப் பற்றி வீட்டில் பெரிய வாக்குவாதமே நடந்தது. அண்ணனும் மதினியும், அம்மா பேன்ட்தான் போட வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார்கள். மதினி அக்கறையோடுதான் சொன்னார்: "அத்தை, அங்க எஸ்கலேட்டர் வேகமாப் போகும், ரயில்ல கூட்டமா இருக்கும், குளிர் வேற. பேன்ட்னா உங்களுக்குத்தான் சௌரியம்." அம்மா நேராக மதினிக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏட்டி, அம்பது வருஷமா சேலையிலதான் நடக்கேன், பஸ் ஏறுதேன், மலைக்கோயிலுக்குப் படி ஏறுதேன். பேன்ட்ட மாட்டிவிட்டீகன்னா ஒரு அடி எடுத்து வைக்க எனக்குக் கூச்சமா இருக்கும். குனிஞ்சுக்கிட்டே நடக்கதுக்கு நான் எதுக்கு ஜப்பான் வரணும்?" எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிந்தது. குளிர் நம் கூச்சத்தைப் பார்ப்பதில்லை. அதேசமயம் உடுத்தியிருக்கிற துணியில் கூனிக்குறுகி நடக்கிற ஒருவருக்கு எந்த ஊரும் மகிழ்ச்சி தராது என்பதும் எனக்குத் தெரியும். கிளம்பும் நாள் வரை முடிவு எடுக்கவே இல்லை. இரண்டு பேன்ட்டும் பெட்டியில் போட்டேன், சேலைகளும் போட்டேன்.

குளிர் உடையைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்ட வரையில் விஷயம் எளிது. துணி சூடு தருவதில்லை. நம் உடம்பின் சூட்டில் கதகதப்பான காற்றைத் தன் இழைகளுக்கு நடுவே அசையாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். அதனால் ஒரு தடித்த கோட்டைவிட மூன்று மெல்லிய துணிகள் மேல், ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவிலும் காற்று நிற்கும். இன்னொன்று, ஜப்பானில் ரயில் பெட்டிக்குள்ளும் கடைக்குள்ளும் ஹீட்டர் போட்டு அனல்போல வைத்திருப்பார்கள். பல ரயில்களில் இருக்கைக்கு அடியிலிருந்தே சூடு வரும். தடித்த கோட்டோடு உள்ளே போனால் வியர்க்கும், வியர்வையோடு வெளியே வந்தால் அந்த ஈரமே உடம்பைக் குளிர வைக்கும். இந்த இடத்தில்தான் நம்முடைய அருமையான பருத்தி நமக்கு எதிராகத் திரும்புகிறது. கோடையில் வியர்வையை உறிஞ்சி நம்மைக் காப்பாற்றும் அதே குணத்தால், குளிரில் ஈரத்தைக் குடித்துக்கொண்டு தோலோடு ஒட்டி நிற்கும், சீக்கிரம் காயாது. கம்பளி ஈரத்தை வாங்கினாலும் சூட்டைச் சட்டென்று விடாது. தோலைத் தொடும் முதல் துணி பருத்தியாக இருக்கக் கூடாது என்பதை மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்லுவேன். அம்மாவுக்குப் பருத்தி உள்பாவாடைதான் வழக்கம், அப்பாவுக்குப் பனியன்தான் வழக்கம். இரண்டையுமே மாற்ற வேண்டியிருந்தது. தோலோடு படுவதை மாற்றுவதில் அம்மா மறுப்பே சொல்லவில்லை. வெளியே தெரிவதில்தான் அவருக்குத் தகராறு. இது எனக்கு முதலிலேயே உறைத்திருக்க வேண்டிய முக்கியமான குறிப்பு என்று இப்போது தோன்றுகிறது.

கனஸாவாவில் மழை

டோக்கியோவில் பெரிய சிக்கல் இல்லை. வெயில் அடித்தது, ஜிங்கோ மரங்கள் மஞ்சள் பிடிக்கத் தொடங்கியிருந்தன. அம்மா தெர்மல் உள்ளாடை மேல் சேலை கட்டி, மேலே கோட்டு போட்டு நடந்தார். பேன்ட் பெட்டியிலேயே இருந்தது. அங்கிருந்து புல்லட் ரயிலில் இரண்டரை மணி நேரம் போனால் கனஸாவா. நாட்டின் மறுபக்கக் கடற்கரை. நடுவில் இருக்கும் மலைகளைக் கடந்ததும் வானமே வேறாகிவிட்டது. நவம்பர் பிறந்தால் அந்தப் பக்கம் வடமேற்கிலிருந்து காற்று கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மழையாகக் கொட்டும். டிசம்பர் கடைசியில் அதுவே பனியாக மாறும். 'மதியச் சோற்றை மறந்தாலும் குடையை மறக்காதே' என்று அந்த ஊரில் ஒரு பழமொழி உண்டு. அப்பா ரயில் நிலைய வாசலில் நின்று ஒரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஐப்பசி கார்த்திகையில வாடையும் மழையும் சேந்து அடிக்கும்னு பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் பாடம் நடத்தினேன். முழுசா அனுபவிக்கது இப்பதான்" என்றார். மகிழ்ச்சியாகத்தான் சொன்னார்.

கென்ரோகுஎன் தோட்டத்துக்குப் போனோம். நவம்பர் 1ஆம் தேதி தொடங்கி அங்கே பைன் மரங்களுக்கு யுகிட்சுரி கட்டுவார்கள். மரத்தின் நடுவே உயரமான கம்பத்தை நட்டு, அதன் உச்சியிலிருந்து நூற்றுக்கணக்கான வைக்கோல் கயிறுகளை இறக்கி ஒவ்வொரு கிளையையும் தனித்தனியாகப் பிடித்துக் கட்டுகிறார்கள். அந்த ஊரில் விழும் பனி ஈரமாகவும் கனமாகவும் இருக்கும், கட்டாவிட்டால் கிளை முறிந்துவிடும். பனி விழ ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே வேலை தொடங்கிவிடுகிறது. கிளைக்குக் கிளை கயிறு வேறு நீளம், வேறு இழுப்பு. எல்லா மரத்துக்கும் ஒரே மாதிரி மூடாக்குப் போடவில்லை. அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குள் தூறல் வலுத்தது. காற்று குடையைத் திருப்பியது. அம்மா கட்டியிருந்தது பருத்திச் சேலை. கரை நனைந்து, ஈரம் முழங்கால் வரை ஏறிவிட்டது. மேலே கோட்டு இருந்தது, உள்ளே தெர்மல் இருந்தது, ஆனாலும் அம்மாவுக்கு உதடு நடுங்கியது. விடுதிக்குத் திரும்பும்போது எனக்கு முடிவாகிவிட்டது: நாளையிலிருந்து பேன்ட்தான், அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி.

அது ஒரு பழைய மரவீட்டு விடுதி. நடத்துகிறவர் அம்மாவைவிடச் சில வயது மூத்த பெண்மணி. காலையிலும் மாலையிலும் கிமோனோவில்தான் இருப்பார். வாசலில் செருப்பைக் கழற்றும் இடத்தில் அம்மாவைப் பார்த்தவர் முதலில் ஒரு துண்டு கொண்டுவந்தார். பிறகு குனிந்து, எந்தத் தயக்கமும் இல்லாமல், அம்மாவின் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தார். தெர்மல் பேன்ட் கெண்டைக்காலில் முடிந்திருந்தது, காலுறை குட்டையானது, நடுவில் நாலு விரல் அகலத்துக்கு வெறும் தோல், அதன் மேல் ஈரச் சேலை. அவர் "ஓ" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அம்மாவைத் தாழ்வாரத்தில் உட்கார வைத்தார். கழுத்தைத் தொட்டுக் காட்டினார், மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார், பிறகு மறுபடியும் கணுக்கால். இந்த மூன்று இடத்தை மூடினால் உடம்பு தாங்கும் என்று மொழிபெயர்ப்புச் செயலியில் சொன்னார். அங்கெல்லாம் தோலுக்கு ஒட்டியே ரத்தக் குழாய் ஓடுகிறது, மேலே சதை கிடையாது, அதனால் சூடு அங்கேதான் வேகமாக வெளியேறும். அப்புறம் தன் கிமோனோவின் கீழ் ஓரத்தைச் சற்றே விலக்கி அம்மாவுக்கு மட்டும் தெரியும்படி காட்டினார். உள்ளே கணுக்கால் வரை கம்பளி, அதற்கு மேல் தடித்த தபி காலுறை. வெளியே தெரிந்தது பட்டு மட்டும்தான்.

அம்மாவும் தன் சேலையை லேசாகத் தூக்கி, உள்ளே என்ன போட்டிருக்கிறேன் என்று அவருக்குக் காட்டினார். இரண்டு பேரும் மாறி மாறித் துணியைத் தொட்டுப் பார்த்தார்கள். அந்தப் பெண்மணி சேலையின் கொசுவத்தைக் கையால் அளந்து, இரண்டு விரல் உயர்த்திப் பிடித்து, இந்த அளவு ஏற்றிக் கட்டினால் நனையாது என்று காட்டினார். மழை நாளில் அவரும் கிமோனோவை அப்படித்தான் ஏற்றிக் கட்டுவாராம். முந்தானையை இடுப்பில் செருகாமல் இரண்டு தோளையும் சுற்றி முன்னால் கொண்டுவந்து, அதற்கு மேல் கோட்டைப் போடச் சொன்னார். கடைசியில் ஒரு கைரோ பாக்கெட்டைப் பிரித்து, அம்மாவின் இடுப்புக்குக் கீழே, உள்ளாடைக்கு வெளியே ஒட்டிவிட்டார். இரும்புத் தூள் காற்றோடு சேர்ந்து சூடாகும் சின்னப் பை அது. பாதி நாளுக்கு மேல் கதகதப்பாக இருக்கும். தோலில் நேராக ஒட்டவே கூடாது, மெல்லச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சுடுவதே தெரியாது என்பதால் பாதத்தில் அதை வைக்கவே வேண்டாம் என்று நான் சொல்வேன்.

அறைக்குள் போனதும் அம்மா என்னிடம் சொன்னது இதுதான்: "அந்தம்மாவும் நம்மள மாதிரிதான் சுத்திக் கட்டுதாக. அவுக ஊருக் குளிருல வருஷம் பூராவும் அதுலதான் இருக்காக. என்ன போடணும்னு கேட்டிருந்தா முதல்லயே எனக்கும் வெளங்கியிருக்கும். எல்லாரும் எதைக் கழட்டணும்னுதான் சொன்னீக." அன்றிரவு எனக்குத் தூக்கம் வர நேரமானது. அண்ணன், மதினி, நான், பயண ஏற்பாட்டாளர் என்று எல்லோரும் பேசியது பேன்ட்டா சேலையா என்றுதான். குளிருக்கும் அந்தக் கேள்விக்கும் சம்பந்தமே இல்லை. பேன்ட் போட்டு அதே குட்டைக் காலுறையோடு, அதே திறந்த கழுத்தோடு போயிருந்தாலும் அம்மா நடுங்கியிருப்பார். சுற்றிக் கட்டும் உடையில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் அடுக்க இடம் இருக்கிறது, பேன்ட்டில் அந்த இடம் கிடையாது. தன் உடையிலேயே ஒருவர் நாற்பது, ஐம்பது வருட அனுபவத்தோடு இருக்கும்போது, அந்த அனுபவத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளிநாட்டில் வந்து புதிதாகத் தொடங்கச் சொல்வது நியாயமில்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

நாள்காட்டி பார்த்து உடுத்துகிறவர்கள்

மறுநாள் காலை அந்தப் பெண்மணியிடம் கிமோனோவைப் பற்றி இன்னும் கேட்டேன். அக்டோபரிலிருந்து மே வரை உள்துணி வைத்துத் தைத்த கிமோனோ. ஜூனிலும் செப்டம்பரிலும் உள்துணி இல்லாதது. ஜூலை, ஆகஸ்டில் கொசுவலைபோல் காற்று புகும் மெல்லிய நெசவு. பள்ளிப் பிள்ளைகளின் சீருடையும் அதே வழக்கப்படி ஜூன் 1ஆம் தேதி கோடைக்கும் அக்டோபர் 1ஆம் தேதி குளிருக்கும் மாறும். வெயில் கூடிப்போனதால் இப்போது மே மாதத்திலேயே உள்துணி இல்லாததைக் கட்டிக்கொள்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்களாம். துணியில் வரைந்திருக்கும் பூகூடக் காலத்தைச் சற்று முந்தி வர வேண்டும். செர்ரி பூப்பதற்கு முன்பு செர்ரிப் பூச் சித்திரம் போட்ட கிமோனோ. மரத்தில் பூ வந்துவிட்டால் அதோடு போட்டி போடக் கூடாது.

நாம் காலத்தைப் பார்த்து உடுத்துவதைவிட விசேஷத்தைப் பார்த்து உடுத்துகிறவர்கள். வைகாசி முகூர்த்தத்தில் மண்டபத்து அனலில் காஞ்சிபுரம் பட்டு, ஆறு கெஜமும் கட்டி நிற்போம். அதில் எனக்குக் குறையில்லை, மங்கலம் நமக்கு முதலில் வருகிறது. ஆனால் பெட்டி கட்டும்போதும் அதே வழக்கம் தொடர்கிறது. போட்டோவுக்கு எது நன்றாக இருக்கும், எந்த நாளுக்கு எது என்று அடுக்குகிறோம். மழை வந்தால் எது, கோயில் தரையில் செருப்பில்லாமல் நிற்க எது என்று அடுக்குவதில்லை. பெரியவர்களைக் கூட்டிப் போகும்போது இந்த இரண்டாவது வரிசைதான் முக்கியம்.

கியோத்தோவுக்குப் போவதற்குள் அம்மாவின் உடை ஒழுங்காகிவிட்டது. கனஸாவா கடையொன்றில் கணுக்கால் தாண்டி வரும் கம்பளி லெக்கிங்ஸ், முழங்கால் உயரக் கம்பளிக் காலுறை, முழுக்கை வைத்த மெல்லிய கம்பளிச் சட்டை வாங்கினோம். அந்தச் சட்டையையே அம்மா ரவிக்கையாக்கிக்கொண்டார். அதன் மேல் கட்டியது பூனம் சேலை. நம் ஊரில் வேர்த்துக் கொட்டும் என்று அம்மா ஒதுக்கி வைத்த அதே செயற்கை இழைச் சேலை, அங்கே தண்ணீரைக் குடிக்காமல் உதறினால் உலர்ந்துவிடும் துணியாக நின்றது. காற்றைத் தடுக்காது என்பது அதன் குறை, அதைக் கோட்டு பார்த்துக்கொண்டது. பட்டு நல்ல கதகதப்பு தரும். ஆனால் மழையில் நனைந்தால் கறை விழும் என்பதால் வானம் வெளுத்திருந்த நாளில் மட்டும் அம்மா பட்டு கட்டினார். எய்கான்டோ கோயிலின் மேப்பிள் மரங்களுக்குக் கீழே அந்த அரக்குச் சிவப்புச் சேலையோடு அவர் நிமிர்ந்து நடந்ததைப் பார்த்துக் கிமோனோ கட்டிய இரண்டு பெண்கள் தலை குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள்.

காலுக்குப் போடுவதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது நமக்குப் புதிதல்ல. ஆனால் நம் கோயில் தரை கோடையில் சுடும், அங்கே நவம்பரில் மரத்தரை எலும்பைத் தொடும். கியோத்தோவின் நிஜோ கோட்டையில் நீண்ட தாழ்வாரங்களைக் காலுறையோடுதான் சுற்றிவர வேண்டும். கால் வைக்கும் இடமெல்லாம் பலகை குருவிபோலக் கீச்சிடும், அம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அரை மணி நேரத்தில் மெல்லிய காலுறை போட்டவர்களுக்குப் பாதம் மரத்துவிடும். தடித்த கம்பளிக் காலுறை, கயிறு கட்டத் தேவையில்லாத ஷூ, அதுவும் அந்தக் காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்கிய அரை அளவு பெரிய ஷூ. மூட்டு மடங்காத அப்பாவுக்கு ஒரு நாளில் எத்தனையோ முறை கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. கயிறு ஷூவாக இருந்திருந்தால் பாதிக் கோயிலை வாசலில் நின்றே பார்த்திருப்பார். அவருக்குக் கழுத்தைச் சுற்றி ஒரு கம்பளி மப்ளர். காலையில் வெளியே வந்த முதல் பத்து நிமிடம் அதையே மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டு, உள்ளே போகும் காற்று கொஞ்சம் சூடாகப் போகும்படி பார்த்துக்கொண்டார். போன இடமெல்லாம் இன்ஹேலர் கையில் இருந்தது, பயன்படுத்த வேண்டி வரவில்லை.

இருட்டைப் பற்றியும் யாரும் சொல்வதில்லை. நவம்பர் கடைசியில் கியோத்தோவில் சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்பே பொழுது இறங்கிவிடும். இறங்கியதும் குளிர் மடமடவென்று கூடும். ராத்திரியில் விளக்குப் போட்டுச் சிவந்த இலையைக் காட்டும் கோயில்களில் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அசையாமல் நிற்பதுதான் இருக்கிற குளிரிலேயே மோசமான குளிர். நாங்கள் அதை விட்டுவிட்டுக் காலை எட்டு மணிக்கே கிளம்பி, நாலரைக்கெல்லாம் அறைக்குத் திரும்பினோம். கோட்டுகளும் கம்பளியும் சேர்ந்து பெட்டி கனத்துவிடும் என்பதால், பெரிய பெட்டியைத் தக்குஹாய்பின் சேவையில் முந்தைய நாளே அடுத்த ஊர் விடுதிக்கு அனுப்பிவிட்டு, ஒரு இரவுக்கான பையோடு மட்டும் ரயில் ஏறினோம். வயதானவர்களோடு போகிறவர்கள் இந்தச் செலவில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இப்போது அண்ணன் குடும்பம் கேட்கிறது

அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளியில் படிக்கிறார்கள், முழு ஆண்டுத் தேர்வு ஏப்ரலில் முடியும். நவம்பர் அவர்களுக்கு ஆகாது. மதினி போன வாரம் கூப்பிட்டு, "ஏப்ரல் கடைசியில போலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏப்ரல் 29இலிருந்து மே 5 வரை ஜப்பானில் தொடர் விடுமுறை, நாடே ரயிலில் ஏறும், அறை வாடகை தாறுமாறாக ஏறும். மே இரண்டாம் வாரத்தில் கிளம்பி மாதம் முடிவதற்குள் திரும்பிவிடச் சொன்னேன். ட்சுயு டோக்கியோ, கியோத்தோ பக்கம் தொடங்குவது பெரும்பாலும் ஜூன் முதல் வாரத்தில்தான். தெற்கே ஒகினாவாவில் மட்டும் மே நடுவிலேயே மழை பிடித்துவிடும், அதனால் அந்தத் தீவை இந்த முறை விட்டுவிடலாம். பகலில் இருபத்து நான்கு, இருபத்தைந்து டிகிரி, விடியற்காலையில் பதினைந்து. பிள்ளைகளுக்கு அரைக்கைச் சட்டைக்கு மேல் கழற்றி மாட்ட ஒரு மெல்லிய ஜாக்கெட் போதும், கோட்டு வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். பிள்ளைகளில் சின்னவளுக்குப் பூந்தாது ஒத்துக்கொள்ளாமல் தும்மல் வருவதுண்டு. மே நடுவில் ஹினோகியும் ஏறக்குறைய ஓய்ந்திருக்கும், ஆனாலும் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். மதினி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, தான் சுடிதாரோடு போனால் சரியாக இருக்குமா என்று கேட்டார். தாராளமாகப் போகலாம், துப்பட்டாவை மட்டும் எஸ்கலேட்டரில் பிடித்துக்கொள்ளுங்கள், குடையைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள் என்று சொன்னேன்.